பொருளற்ற பாட்டின் பொருள்

பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில், ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையில் வரும் தேநீர் விருந்தை மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொப்பி விற்பவனுக்கும் காலத்துக்கும் சண்டை. அதனால் அவனுக்கு எப்போதும் மாலை ஆறு மணிதான். எப்போதும் தேநீர் நேரம் என்பதால் கோப்பைகளைக் கழுவ இடைவேளையே இல்லை. ஆகவே அவனும் அவன் நண்பர்களும் நீண்ட மேசையைச் சுற்றி ஓர் இருக்கை விட்டு அடுத்த இருக்கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாணவர் விழுந்து விழுந்து சிரித்தனர். கதை முடிந்ததும் பழக்கத்தின் காரணமாக, "இக்கதையால் நாம் அறிவது யாது?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு மாணவன் எழுந்து, "நேரத்தை வீணாக்கக் கூடாது, ஐயா," என்றான்.

அவன் விடை கருத்துணர்தல் தாளில் மதிப்பெண் பெறத்தக்க விடையே. ஆயினும் அந்த விடைக்கும் கதைக்கும் தொடர்பில்லை என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன். அன்று நான் கேட்ட வினா தவறானது என்பதை உணரப் பல காலம் ஆயிற்று. அற்புதக் கற்பனையும் பொருளற்ற பாட்டும் குழந்தைக்கு எதைத் தருகின்றன, அவற்றைத் தமிழாசிரியர் எங்ஙனம் அணுகவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் இத்துறையின் இரு தூண்களாகிய லூவிஸ் கரோல், எட்வர்ட் லியர் ஆகியோரின் படைப்புகளை அடிப்படையாகக் கொண்டு இதனைக் காண்போம்.

தொல்காப்பியர் காட்டும் இருவகை

குழந்தைக்குக் கூறும் கதை மெய்ம்மையோடு ஒட்டியிருக்க வேண்டுமா என்ற வினா நமக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நால்வகைப்படுத்துகிறது. அவற்றுள் இரண்டு ஈண்டு நம் கருத்துக்குரியன. ஒன்று, உள்ள பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழி. மற்றொன்று, பொருளோடு பொருந்திய நகைமொழி. உரையாசிரியர் பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு திரிந்ததாகச் சொல்லும் கதையைப் பொய்ம்மொழிக்குக் காட்டாகத் தருகிறார். உரைவகையுள் ஒருபகுதி செவிலிக்கு உரியது என்றும் தொல்காப்பியர் வரையறுக்கிறார். வளர்ப்பவள் வாயில் பிறக்கும் பொய்க்கதைக்கும் இலக்கணநூலில் ஓர் இடம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று 'அற்புதக் கற்பனை' என்று நாம் வழங்குவது பொய்ம்மொழிக்கு நெருங்கியது. 'பொருளற்ற பாட்டு' என்று வழங்குவதோ, பெயருக்கு மாறாக, நகைமொழியைப் போன்றே பொருளோடு பொருந்தியது என்பது என் துணிபு. அதனை மெய்ப்பிக்க முதலில் இங்கிலாந்தின் சூழலைக் காணவேண்டும்.

நீதியின் நிழலில் குழந்தைகள்

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கிலக் குழந்தைகள் படித்த நூல்களுள் பெரும்பாலானவை அறிவுரை நூல்களே. ஐசக் வாட்ஸ் என்னும் சமயப் புலவர் 1715இல் சிறுவர்க்கென வெளியிட்ட பாடல்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டன. தேனீயின் உழைப்பைப் போற்றிச் சோம்பலைக் கடியும் பாட்டு அவற்றுள் ஒன்று. திருமதி ஷெர்வுட் 1818இல் வெளியிட்ட 'ஃபேர்சைல்டு குடும்பம்' என்னும் கதைநூலில், தம்முள் சண்டையிட்ட பிள்ளைகளைத் தந்தை அழைத்துச் சென்று, தூக்கிலிடப்பட்டுக் கம்பத்தில் தொங்கும் கொலைஞன் உடலைக் காட்டுகிறார். சினம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டுமாம். அந்நூல் தீயோர் எழுதியதன்று. குழந்தையின் நன்மையை விரும்பியோர் எழுதியதே. அச்சத்தையும் அறத்தையும் பிரித்தறியாத காலம் அது.

இச்சூழலில்தான் 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கணித விரிவுரையாளர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், நண்பர் டக்வொர்த்துடன், கல்லூரித் தலைவர் லிடலின் மகளிர் மூவரையும் படகில் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் ஆற்றில் காட்ஸ்டோ என்னும் ஊருக்குச் சென்றார். வழியில் சிறுமியர் கதை கேட்டனர். நடுப்பெண்ணாகிய பத்து வயது ஆலிஸ் அக்கதையை எழுதித் தருமாறு வேண்டினாள். 1864இல் கையெழுத்து நூலாக அவளுக்கு அளிக்கப்பட்ட அக்கதை விரிவுபெற்று, ஜான் டென்னியலின் 42 ஓவியங்களுடன் 1865இல் அச்சேறியது. டாட்ஜ்சன் சூடிய புனைபெயரே லூவிஸ் கரோல். இதன் தொடர்ச்சியாகிய நிலைக்கண்ணாடிக் கதை 1871இன் இறுதியில் வெளிவந்தது.

பாடம் மறந்த சிறுமி

முயற் குழியில் விழுந்த ஆலிஸ் முதலில் அடையும் துன்பம் யாது? உடல் பெருத்தும் சிறுத்தும் போவது மட்டுமன்று. தான் யார் என்பதே அவளுக்கு ஐயமாகிவிடுகிறது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அவள் தேர்ந்தெடுக்கும் வழி, பள்ளியில் படித்ததை ஒப்பிப்பது. பெருக்கல் வாய்பாடு பிறழ்கிறது. ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன. வாட்ஸின் தேனீப் பாட்டைச் சொல்லத் தொடங்குகிறாள். வாயில் வருவதோ, புன்னகையோடு சிறு மீன்களை வாய்க்குள் வரவேற்கும் முதலையின் பாட்டு! உழைக்கும் தேனீ இருந்த இடத்தில் ஏமாற்றி உண்ணும் முதலை வந்து அமர்ந்துவிட்டது. ஆலிஸ் அழுகிறாள்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். படிக்கும் குழந்தை சிரிக்கிறது, கதைக்குள் இருக்கும் குழந்தை அழுகிறது. பாடத்தை ஒப்பிக்க முடியாவிட்டால் நான் நானில்லையோ என்ற அச்சம் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பிள்ளையின் உள்ளத்திலாவது இருக்கிறது. அந்த அச்சத்தைக் கரோல் வெளியே எடுத்து வைத்தார், அதனோடு சிரிக்கவும் வைத்தார். ராபர்ட் சதே 1799இல் எழுதிய முதியவர் பாட்டும் இவ்வாறே தலைகீழாகிறது. இளமையில் ஒழுங்காக வாழ்ந்ததால் முதுமையில் அமைதி பெற்றேன் என்று அறிவுரை கூறிய கிழவர், கரோலின் கையில் தலைகீழாக நிற்கிறார், மூக்கின் நுனியில் விலாங்கு மீனை நிறுத்துகிறார்.

அறிவுரையின்மேல் கரோல் கொண்ட நோக்கை அக்கதையில் வரும் சீமாட்டி தெளிவாகக் காட்டுகிறாள். எதைக் கண்டாலும் அதில் ஒரு நீதி உண்டு என்பது அவள் கொள்கை. கடுகைக் கண்டாலும் நீதி, நாரையைக் கண்டாலும் நீதி. அவள் நீதி சொல்லும்போதெல்லாம் அவளுடைய கூரிய மோவாய் ஆலிஸின் தோளில் அழுந்திக்கொண்டே இருக்கிறது. இதைவிட நுட்பமாக ஓர் அறிவுரையாளரைப் படம்பிடிக்க இயலாது. சொல்லும் நீதியில் குற்றமில்லை, மோவாய்தான் வலிக்கிறது.

போலி ஆமை கடலடிப் பள்ளியில் தான் கற்ற பாடங்களைக் கூறும் பகுதியும் ஆசிரியர் மறக்கவொண்ணாதது. வாசித்தல், எழுதுதல் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக, ஒலியால் அவற்றை ஒத்துச் 'சுழன்றாடல்', 'நெளிதல்' என்று பொருள்படும் சொற்கள் வருகின்றன. கணக்கின் நான்கு வகைகள் பேரவா, கவனச் சிதறல், அழகு கெடுத்தல், ஏளனம் என்று ஆகின்றன. பள்ளியில் நடப்பது சில வேளைகளில் இவைதாமோ என்று நம் நெஞ்சும் சற்றே உறுத்தும்.

பிழைக்குள் ஓர் ஒழுங்கு

ஆயின் இவையெல்லாம் வெறும் குறும்பு, மனம்போனபடி சொற்களைச் சிதறவிட்டால் யாரும் எழுதிவிடலாம் என்று சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. ஆலிஸ் ஒப்பிக்கும் பிழையான வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம். நாலைந்து பன்னிரண்டு, நாலாறு பதின்மூன்று என்று அது செல்கிறது. இப்படியே போனால் இருபதை அடையவே முடியாது என்று ஆலிஸ் வருந்துகிறாள். ஆங்கிலப் பள்ளிகளில் வாய்பாடு பன்னிரண்டோடு முடியும். ஆகவே அவள் கணக்குப்படி கடைசி விடை பத்தொன்பது. இருபது வராது. இது எளிய விளக்கம்.

1952இல் ஏ. எல். டெய்லர் என்னும் ஆய்வாளர் மற்றொரு விளக்கம் தந்தார். நாம் பத்தை அடியாகக் கொண்டு எண்ணுகிறோம். 12 என்றால் ஒரு பத்தும் இரண்டும். பதினெட்டை அடியாகக் கொண்டால் 12 என்பது ஒரு பதினெட்டும் இரண்டும், அதாவது இருபது. ஆகவே நாலைந்து 12 என்பது சரியே. அடுத்த வரிக்கு அடியை மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இருபத்தொன்றை அடியாகக் கொண்டால் இருபத்து நான்கு என்பது 13. இருபத்து நான்கை அடியாகக் கொண்டால் இருபத்தெட்டு என்பது 14. இவ்வாறே சென்று, முப்பத்தொன்பதை அடியாகக் கொள்ளும்போது நாற்பத்தெட்டு என்பது 19 ஆகும். அடுத்த படியில் அடி நாற்பத்திரண்டு, விடை ஐம்பத்திரண்டு. அது ஒரு நாற்பத்திரண்டும் பத்தும் ஆதலின் 20 ஆவதில்லை. உண்மையாகவே ஆலிஸ் இருபதை அடைய முடியாது! எவ்விளக்கத்தைக் கொண்டாலும் ஒன்று தெளிவு. பிழை போலத் தோன்றுவது கணித ஆசிரியர் ஒருவரால் அளந்து வைக்கப்பட்ட பிழை. 

நிலைக்கண்ணாடிக் கதை இன்னும் கட்டுக்கோப்பானது. அது முழுவதும் ஒரு சதுரங்க ஆட்டமாக அமைந்திருக்கிறது. ஆலிஸ் காலாளாகத் தொடங்கி எட்டாம் கட்டத்தை அடைந்து அரசியாகிறாள். கண்ணாடிக்குள் எல்லாம் எதிர்மாறு. ஆதலால் பணியாரத்தை முதலில் பங்கிட்டுவிட்டுப் பிறகுதான் வெட்டவேண்டும். வெள்ளை அரசி முதலில் அலறுகிறாள், பிறகுதான் விரலில் ஊசி குத்துகிறது. இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரேயொரு விதியை மாற்றிவிட்டு, மற்றவற்றை அவ்விதிக்கேற்பத் தருக்க முறைப்படி நடத்திச் செல்வதே அற்புதக் கற்பனையின் இலக்கணம் என்பதை இங்கே காண்கிறோம்.

அந்நூலில் வரும் 'ஜாபர்வாக்கி' என்னும் பாட்டில் அகராதியில் இல்லாத சொற்கள் நிறைந்துள்ளன. ஆயினும் எது பெயர், எது வினை, எது அடை என்பதில் ஆங்கிலம் அறிந்தவர்க்கு ஐயமே எழாது. வேற்றுமைகளும் இடைச்சொற்களும் விகுதிகளும் தத்தம் இடத்தில் உறுதியாக நிற்கின்றன. சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த வீட்டில், குடியிருப்போர் மட்டும் புதியவர். இரு சொற்களைப் பிணைத்து ஒன்றாக்கும் முறையை, நடுவில் மடிந்து இருபுறமும் பொருள் கொள்ளும் பயணப்பெட்டிக்கு ஒப்பிட்டு ஹம்ப்டி டம்ப்டி என்னும் முட்டை மனிதன் விளக்குகிறான். 1952இல் எலிசபெத் சூவெல் என்னும் திறனாய்வாளர் இத்துறை பற்றி எழுதிய நூலில், இவ்விலக்கியம் குழப்பத்தின் பக்கம் நிற்பதன்று, ஒழுங்கின் பக்கம் நிற்கும் விளையாட்டு என்று நிறுவுகிறார்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. வாய்பாடு அறியாத குழந்தை நாலைந்து பன்னிரண்டு என்பதைக் கேட்டுச் சிரிக்காது. தேனீப் பாட்டை அறியாத குழந்தைக்கு முதலைப் பாட்டில் பாதிச் சுவை இல்லை. விதியை அறிந்தவரே விதி பிறழும்போது சிரிக்க முடியும். ஆகவே குழந்தையின் சிரிப்பு கவனமின்மையின் அடையாளமன்று, அது கற்றுத் தேர்ந்தமையின் அடையாளம். என் வகுப்பு மாணவர் தேநீர் விருந்தைக் கேட்டுச் சிரித்த அப்பொழுதே, காலம் நில்லாது என்பதையும் உண்ட கலத்தைக் கழுவவேண்டும் என்பதையும் அறிந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். அதற்குமேல் நான் கேட்ட வினா அவர்கள் அறிவை நம்பாத வினா.

ஊராரும் ஒருவனும்

கரோலுக்கு இருபது ஆண்டுகள் மூத்தவர் எட்வர்ட் லியர். 1812இல் இலண்டனை அடுத்த ஹாலோவேயில், இருபத்தொரு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் இருபதாவதாகப் பிறந்தவர். தமக்கை ஆனின் வளர்ப்பில் வளர்ந்தார். சிறு வயதிலேயே பற்றிக்கொண்ட காக்கைவலிப்பு நோயை வாழ்நாள் முழுவதும் பிறரறியாது மறைத்து வாழ்ந்தார். பத்தொன்பது, இருபது வயதிலேயே கிளிகளை வரைந்து பெயர் பெற்ற ஓவியர். டெர்பி பிரபுவின் மாளிகையில் பறவைகளையும் விலங்குகளையும் வரையச் சென்ற காலத்தில், அங்கிருந்த பிள்ளைகளை மகிழ்விக்கப் புனைந்த பாட்டும் படமுமே 1846இல் வெளிவந்த 'நான்சென்ஸ்' நூல். பின்னாளில் லிமெரிக் என்று பெயர்பெற்ற ஐந்தடிச் சிறுபாட்டு அவரால் புகழ்பெற்றது.

அப்பாட்டுகளில் ஒருவன் வருகிறான். அவனிடம் ஏதேனும் ஒரு விந்தை இருக்கும். ஒருவன் தாடியில் பறவைகள் கூடு கட்டும். ஒருவன் அண்டங்காக்கையோடு நடனமாடுவான். ஒருவன் ஓயாமல் சேமக்கலத்தை அடித்துக்கொண்டிருப்பான். அடுத்த அடியில் 'அவர்கள்' வருவார்கள். அவர்கள் அவனைக் கேள்வி கேட்பார்கள், கடிவார்கள், சில பாட்டுகளில் அடித்தே நொறுக்கிவிடுவார்கள். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1923இல் வெளிவந்த தம் கட்டுரையில் இந்த 'அவர்கள்' என்போர் யார் என்பதைச் சுட்டிக்காட்டினார். அவர்களே ஊரார், உலகம், மாறுபட்டவனைப் பொறுக்காத பொதுமக்கள். நோயை மறைத்து, மணமின்றி, ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்த ஓவியர் ஒருவர் குழந்தைகளுக்காக எழுதிய விளையாட்டுப் பாட்டில் இத்துணைத் துயரம் உறைந்திருக்கிறது. ஆனால் அவர் அதனைப் புலம்பலாக்கவில்லை. தாடியில் கூடு கட்டிய பறவைகளின் படத்தை வரைந்து நம் கையில் கொடுத்துவிட்டார்.

பிற்காலப் பாட்டுகளில் லியரின் கற்பனை வேறு திசையில் செல்கிறது. ஆந்தையும் பூனையும் படகேறிச் சென்று மணம் புரிகின்றன. இது 1867இல் நண்பரின் சிறு மகளுக்காக எழுதப்பட்டது. சல்லடையில் ஏறிக் கடல் கடக்கும் ஜம்ப்ளிகளை ஊரார் அனைவரும் தடுக்கின்றனர். அவர்களோ போய்வருகின்றனர், உயரமாக வளர்ந்தும் திரும்புகின்றனர். 'அவர்கள்' தோற்கும் பாட்டு இது. செஸ்டர்டன் 1901இல் வெளிவந்த கட்டுரையில் கரோலைவிட லியரையே மேலாகக் கருதினார். கரோலின் உலகம் அறிவால் அமைந்தது, லியரின் உலகம் உணர்வால் அமைந்தது என்று நாம் வேறுபடுத்தலாம்.

சிரிப்பின் எல்லை

போற்றும்போதே குறை காண்பதும் திறனாய்வின் கடமை. லியர் 1873இன் இறுதி முதல் 1875இன் தொடக்கம் வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தார். அக்காலத்தில் அவர் எழுதிய 'கம்மர்பண்ட்' என்னும் பாட்டு 1874இல் பம்பாய் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வீடுகளில் வழங்கிய சொற்களை எடுத்து, அவற்றின் பொருளை முற்றும் நீக்கி, ஒலியை மட்டும் கொண்டு ஒரு காதற் சோகக் கதையை அவர் பின்னினார். அதில் ஒரு மங்கை தோபியின்மேல் அமர்ந்து விண்மீனைப் பார்க்கிறாள். பங்காக்கள் பேசுகின்றன. கான்சாமாக்கள் நெடிய மரங்களாக வளர்கின்றன. கித்மத்கார்கள் கொடிகளாகத் தொங்குகின்றன. இறுதியில் கம்மர்பண்ட் என்னும் கொடிய விலங்கு அவளை விழுங்கிவிடுகிறது.

பொருளறியாத ஆங்கிலக் குழந்தைக்கு இவை இனிய வெற்றொலிகள். நமக்கோ அவை வெற்றொலிகள் அல்ல. தோபி என்பவர் துணி வெளுக்கும் மனிதர். கான்சாமா வீட்டுச் சமையல், பண்டகப் பொறுப்புகளைப் பார்ப்பவர். கித்மத்கார் உணவு பரிமாறுபவர். கம்மர்பண்ட் இடையில் கட்டும் துணி. உழைக்கும் மனிதர் மரமாகவும் கொடியாகவும் நிற்க, அவர்கள் நடுவே துரைசானி விண்மீன் பார்க்கும் காட்சியை நாம் அவர்களைப் போல் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. தோட்டங்களில் துரை வீட்டு வேலைக்குச் சென்ற முன்னோரைப் பெற்ற நம்மவர்க்கு இது இன்னும் நன்றாகப் புரியும். லியர் இகழும் நோக்கத்தோடு எழுதினார் என்று நான் கூறவில்லை. அயல்மொழியின் ஒலியில் மயங்கிய ஒரு செவியின் மகிழ்ச்சி அதில் இருக்கிறது. ஆயினும் ஒரு பாட்டு பொருளற்றதா என்பதைப் பாட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை, கேட்பவர் யார் என்பதும் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை உயர்நிலை மாணவர்க்கு உணர்த்த இதைவிடச் சிறந்த பாட்டு கிடைப்பது அரிது.

மொழி மாறும்போது

பொருளற்ற பாட்டு ஒரு மொழியின் ஒலியிலும் அதன் பள்ளிப் பாட்டுகளிலும் வேரூன்றியது. அதனைப் பிறமொழிக்குக் கொண்டுவருதல் இயலுமா? விளாதிமிர் நபோக்கவ் இளைஞராக இருந்தபோது ஆலிஸ் கதையை ருஷிய மொழியில் பெயர்த்து 1923இல் வெளியிட்டார். ஆலிஸ் அங்கே ஆன்யா ஆனாள். வாட்ஸையும் சதேயையும் ருஷியக் குழந்தை அறியாது. ஆகவே அவர் புஷ்கின், லெர்மந்தவ் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்களைத் தலைகீழாக்கிச் சேர்த்தார். சொல்லைப் பெயர்க்காமல், அச்சொல் குழந்தையிடம் செய்யும் வேலையைப் பெயர்த்தார் எனலாம்.

வங்கமொழியில் சுகுமார் ராய் மொழிபெயர்ப்பையும் கடந்து சென்றார். 1887இல் பிறந்த அவர், தந்தையார் தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் எழுதினார். அவருடைய 'ஆபோல் தாபோல்' என்னும் பாட்டு நூல், 1923இல் அவர் மறைந்த சில நாட்களில் வெளிவந்தது. அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் இணைந்து ஒரே விலங்காகின்றன. ஹாம்ஸ், ஷொஜாரு என்ற இரு சொற்கள் புணர்ந்து ஹாம்ஸ்ஜாரு என்றாகின்றன. கொக்கும் ஆமையும், யானையும் திமிங்கிலமும் இவ்வாறே ஒட்டிக்கொள்கின்றன. வங்கச் சொற்களின் ஈறும் முதலும் ஒத்துவரும் இடத்தில்தான் அவ்விலங்குகள் பிறக்கின்றன. அவருடைய 'ஹ ஜ ப ர ல' என்னும் கதையில் கைக்குட்டை பூனையாகிறது. கணக்குப் போடும் காகம் ஒன்று, ஈரேழு பதினான்கு என்று சொன்னவுடன் ஒப்புக்கொள்வதில்லை. அந்நேரத்தில் அது இன்னும் முழுப் பதினான்கு ஆகவில்லையாம், பதின்மூன்று ரூபாய் பதினான்கணா மூன்று பையாகத்தான் இருந்ததாம்! ஆலிஸின் வாய்பாட்டோடு இதனை ஒப்பிடுக. சிரிப்பின் வகை ஒன்றே. கணக்கோ வங்கத்து அணாவும் பையும். இதுவே உண்மையான இலக்கியக் குடியேற்றம்.

முயலாமை

அங்ஙனமாயின் தமிழில் இதற்கு இடமுண்டா? கண்ணாமூச்சி ஆடும்போதும் கைதட்டி விளையாடும்போதும் நம் பிள்ளைகள் பாடும் பாட்டுகளில் பொருள் தேடிப் பாருங்கள். ஒலியும் தாளமுமே அங்கு ஆட்சி செய்கின்றன. ஆகவே மண் இருக்கிறது, விதையும் இருக்கிறது. நாம் செய்யும் பிழை வேறு.

முயல், ஆமை என்னும் சொற்களைப் புணர்த்தால் முயலாமை. முன்பாதி முயல், பின்பாதி ஆமை. சுகுமார் ராயின் எந்த விலங்குக்கும் இது தாழ்ந்ததன்று. நம் இலக்கண விதியே இதனைப் பெற்றுத் தந்திருக்கிறது. ஆனால் அச்சொல்லுக்கு முயற்சியின்மை என்ற பொருளும் உண்டு. முயலும் வெல்லும், ஆமையும் வெல்லும், முயலாமைக்கு வெற்றியில்லை என்ற கருத்தை மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நாம் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். அழகிய சிலேடைதான். ஆயினும் அவ்விலங்கு பிறந்த கணமே அதன்மேல் சீமாட்டியின் மோவாயை அழுத்திவிட்டோம். அது நான்கு அடி நடக்கவேயில்லை.

அண்மையில் ஒரு வகுப்பில் இதனைச் சோதித்துப் பார்த்தேன். முயலாமை என்று கரும்பலகையில் எழுதி, "இவ்விலங்கு ஓட்டப் பந்தயத்தில் ஓடினால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் அமைதி. பின் ஒரு மாணவி, "தலைக்கு முதல் பரிசு, வாலுக்குக் கடைசிப் பரிசு," என்றாள். மற்றொருவன், "இல்லை, தலை போய்ச் சேர்ந்துவிடும், பின்கால் இன்னும் புறப்பட்டிருக்காது, பந்தயம் முடியவே முடியாது," என்று மறுத்தான். உடனே வழக்கு வளர்ந்தது. முன்கால் விழித்திருக்கும்போது பின்கால் தூங்குமா, ஓட்டுக்குள் எப்பாதி ஒளியும் என்றெல்லாம் வினாக்கள் எழுந்தன. தருக்கம், சொல்லாட்சி, மறுப்புரை யாவும் அங்கே இருந்தன. வழக்கமாகக் கட்டுரைக்கு மூன்று வரி எழுதத் திணறும் மாணவர் சிலர் அன்று ஒரு பக்கம் எழுதித் தந்தனர்.

அறநூல்களைக் கற்பிக்க வேண்டாம் என்பது என் கருத்தன்று. அவை நம் செல்வம். ஆனால் எல்லாப் பாட்டையும் அறநூலாக்கிப் படித்தால் அறநூலுக்கும் பெருமையில்லை, பாட்டுக்கும் வாழ்வில்லை. இத்தகைய கதையோ பாட்டோ வகுப்புக்கு வரும்போது, இதனால் நாம் அறிவது யாது என்னும் வினாவைச் சற்றே ஒதுக்கி வைத்து, இங்கே எந்த விதி மாறியிருக்கிறது, அது மாறியதால் வேறு என்னென்ன மாறவேண்டும் என்று கேட்டுப் பார்ப்போம். விடை சொல்லும் பிள்ளை தான் அறிந்த உலகத்தையும் மொழியையும் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கிறான். அருஞ்சொற்பொருள் எழுதிப் போடவேண்டிய தேவையும் அங்கில்லை.

நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அன்று விடை கூறிய மாணவன் இன்று வளர்ந்து பெரியவனாகி எங்கோ இருப்பான். அவனிடம் மீண்டும் ஒரு வினாக் கேட்கும் வாய்ப்புக் கிட்டுமானால், அந்த மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரு சுற்று வந்து முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்பேன். ஆலிஸும் தொப்பி விற்பவனிடம் அதைத்தான் கேட்டாள்.